மின்சாரத் திட்டமும் நமது சங்கங்களும்

நூல் இல்லையேல் தறி இல்லை. நீர் இல்லையேல் பயிர் இல்லை. இவ்விரண்டோடு மின்சாரத்தையும் சேர்த்து எண்ண வேண்டிய காலம் வந்து நெடுநாளாகிறது. விசைத்தறியை ஓட்டுவது அதுவே. கிணற்று நீரை மேலே கொணர்வது அதுவே. கைத்தறியாளர் வீட்டில் தார் சுற்றுவதும், இரவில் இழை பார்த்து நெய்வதும் அதன் துணையால்தான் நடைபெறுகின்றன. நூல் விலை உயர்ந்தால் நமது சங்கங்கள் உடனே கூடித் தீர்மானம் நிறைவேற்றுகின்றன. உரம் வரத் தாமதமானால் அதிகாரிகளுக்கு மனுச் செய்கின்றன. ஆனால், வரும் இருபது முப்பது ஆண்டுகளில் நமக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வரும், எந்த வேளையில் வரும், என்ன விலைக்கு வரும் என்ற கேள்வி மகாசபைக் கூட்டங்களில் எழுவது அரிதாகவே உள்ளது. அது அரசாங்கத்தின் காரியம், எஞ்சினியர்களின் காரியம் என்று அங்கத்தினர் பலர் கருதுகின்றனர்.

இக்கருத்து நமக்கு உடன்பாடானதன்று. நமது நாடு நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்திலிருந்து, காற்றாலும் வெயிலாலும் நீராலும் பெறும் மின்சாரத்துக்கு மெல்ல மாறி வருகிறது. நிலக்கரி முதலிய எரிபொருள் சாராத மின் நிலையங்களின் திறனை 2030-க்குள் 5,00,000 மெகாவாட்டாக உயர்த்துவது என்று 2021-இல் இந்திய அரசாங்கம் உலக நாடுகளின் முன்னிலையில் அறிவித்தது. 2025-இல் நாட்டின் மொத்த நிறுவுதிறனில் பாதி இத்தகைய நிலையங்களைச் சார்ந்ததாகிவிட்டது. இம்மாற்றம் நடைபெறுமா என்பது இனிக் கேள்வியன்று. அது எவ்வாறு நடைபெறும், அதன் பயன் யாரைச் சேரும் என்பவையே கேள்விகள். ஒரு சூரிய மின்நிலையத்துக்கு இன்று ஒப்பந்தம் செய்தால் அது 25 ஆண்டுகள் நம்மைக் கட்டும். ஒரு மின்பாதை போட்டால் அதனினும் நீண்ட காலம் நிற்கும். இந்தப் பத்தாண்டில் செய்யப்படும் தீர்மானங்களின் பலனை நம் பிள்ளைகள் அனுபவிப்பார்கள். ஆதலின் அத்தீர்மானங்களில் நெசவாளருக்கும் உழவருக்கும் குரல் இருத்தல் வேண்டும்.

முன்னோர் இட்ட அடித்தளம்

இயற்கை விசையிலிருந்து மின்சாரம் எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. நீலகிரியில் பைக்காரா ஆற்று நீர்வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் வேலை 1929-இல் தொடங்கி, 1932-இல் பயன் தரலாயிற்று. கோயம்புத்தூர்ப் பகுதியில் நூற்பாலைகள் பெருகியதற்கும், ஆழ்கிணறுகளில் பம்புகள் ஏறியதற்கும் அதுவே ஆதாரமாயிற்று. 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் தொடர்ந்தன. 1957-இல் மின்சார வாரியம் அமைந்தது. 1960-களில் குந்தாத் திட்டம் கானடா நாட்டு உதவியுடன் வளர்ந்தது. இவையெல்லாம் மழையையும் மலையையும் நம்பிச் செய்யப்பட்ட திட்டங்களே.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அணையும் மின்நிலையமும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். தேவை வந்து வாயிலில் நின்றபின் கட்டத் தொடங்கினால் அது உதவாது. பைக்காராவுக்கு அஸ்திவாரம் இட்டவர்கள், அன்று இருந்த விளக்குகளை எண்ணிக் கணக்கிட்டிருப்பின் அத்திட்டமே தோன்றியிராது. பின்வரப் போகும் ஆலைகளையும் கிணறுகளையும் எண்ணியே செய்தனர். நீண்ட காலத் திட்டம் என்பதன் பொருள் இதுவே.

ஆயினும் மழை பொய்க்கும் ஆண்டுகளில் நீர்மின்சாரம் குறைந்தது. தேவையோ ஆண்டுதோறும் வளர்ந்தது. ஆகவே 1962-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், அதன்பின் எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர் அனல் நிலையங்களும் துணைக்கு வந்தன. நெய்வேலி தவிர ஏனையவற்றுக்கு நிலக்கரி வெளியிலிருந்துதான் வர வேண்டும். ரயில் கூலியும், கப்பல் கூலியும், சந்தை விலையும் நம் கையில் இல்லை. நம் வயல்மேல் வீசும் காற்றும், நம் கூரைமேல் விழும் வெயிலும் அவ்வாறு வெளியிலிருந்து விலைக்கு வருவன அல்ல.

பஞ்ச காலம் கற்பித்த பாடம்

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின் பற்றாக்குறையை நம் அங்கத்தினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் நிறுத்தப்பட்டது. பல்லடம், சோமனூர், குமாரபாளையம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் தறிகள் நின்றன. விசைத்தறித் தொழிலாளிக்கு வாரக் கூலி, நெய்த மீட்டர்க் கணக்கில் வருவது. தறி நின்றால் கூலியும் நின்றது. கிணற்றில் நீர் இருந்தும் பாய்ச்ச வழியின்றிப் பயிர் வாடியது.

அக்காலத்தில் தமிழ்நாட்டில் காற்றாலைகள் இல்லாமலில்லை. ஏறக்குறைய 7,000 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் அப்பொழுதே நின்றன. இந்தியாவிலேயே அது முதலிடம். ஆயினும் பஞ்சம் தீரவில்லை. காரணங்கள் இரண்டு. காற்று வீசும் மாதங்களில் கிடைத்த மின்சாரம் முழுவதையும் சுமந்து செல்லப் போதிய மின்பாதைகள் இல்லை. வீசும் காற்றை வீணே விட்டு, ஆலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. காற்று ஓய்ந்த மாதங்களிலோ வேறிடத்திலிருந்து மின்சாரம் தருவிக்க வழி குறுகியிருந்தது. தென்னாட்டு மின்தொடர் வடநாட்டுத் தொடருடன் முறையாக இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31-இல்தான். ஆலைகளை நிறுவியவர்கள் தத்தம் லாபக் கணக்கின்படி நிறுவினர். பாதைகளையும் இருப்பையும் பற்றிய முழுத் திட்டம் அதற்கு ஈடாக வளரவில்லை. உற்பத்தியை மட்டும் பெருக்கினால் பஞ்சம் தீர்ந்துவிடாது என்பதை அந்த ஆண்டுகள் நமக்குக் காட்டின.

காற்றின் கணக்கும் வெயிலின் கணக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் நமக்கு இயற்கை தந்த கொடை. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கிப் பாய்கிறது. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகில் சோதனையாக நிறுவப்பட்ட காற்றாலைகளைத் தொடர்ந்து, கயத்தாறு, முப்பந்தல், உடுமலை, பல்லடம் என்று அவை பரவின. 2025-இல் மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்து நின்றது. சூரிய மின்நிலையங்களின் திறன் அதே ஆண்டில் 10,000 மெகாவாட்டை எட்டியது.

மாநிலத்தின் மின் தேவை 2024 மே 2-ஆம் நாள் 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. காற்றையும் வெயிலையும் கூட்டினால் 21,000 வருகிறதே, இனிக் குறை என்ன என்று ஒருவர் கேட்கலாம். இங்குதான் கணக்கைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

மெகாவாட் என்பது ஆலையின் திறன். யூனிட் என்பது அது உண்மையில் தரும் விளைச்சல். பத்து ஏக்கர் நிலம் வைத்திருப்பது வேறு, அந்நிலத்தில் எத்தனை மூட்டை நெல் விளைந்தது என்பது வேறு. ஒரு கிலோவாட் சூரியப் பலகை நமது மாநிலத்தில் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். இடைவிடாது முழுத் திறனில் ஓடும் யந்திரம் ஒன்றாயின் அதே ஒரு கிலோவாட் 24 யூனிட் தரவேண்டும். காற்றாலையோ மே முதல் செப்டம்பர் வரை நிறையத் தருகிறது. ஏனைய மாதங்களில் மிகவும் சுருங்கிவிடுகிறது. வெயில் நண்பகலில் மிகுதி. மாலையில் வீடுதோறும் விளக்கேற்றும் வேளையில் அறவே இல்லை. ஆகவே திறனை மட்டும் எண்ணித் தேவையோடு ஒப்பிடுவது ஏமாற்றத்தையே தரும்.

உழவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அறுவடை மாதத்து நெல்லை ஆண்டு முழுவதும் உண்ண வேண்டுமானால் குதிர் வேண்டும். மின்சாரத்துக்கும் குதிர் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலையின் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நீரேற்று நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இயங்கி வருகிறது. மின்சாரம் மிகுந்த வேளையில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றுவதும், பற்றாக்குறை வேளையில் அந்நீரை இறக்கி மின்சாரம் எடுப்பதுமே அதன் வேலை. ஏற்றும்பொழுது செலவாகும் மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது. ஒரு பகுதி கழிவாகும். ஆயினும் நண்பகலில் வீணாகும் மின்சாரத்தை மாலைக்குக் கொணர இது நம்பத்தக்க வழி. குந்தாவில் 500 மெகாவாட் அளவில் இத்தகைய நிலையம் ஒன்றுக்கு வேலை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. மின்கல அடுக்குகளின் விலையும் முன்னைவிட வெகுவாகக் குறைந்திருப்பதால் அவையும் சில மணி நேர இருப்புக்குப் பயன்படத் தொடங்கியுள்ளன. எவ்வளவு புதிய உற்பத்தி என்று அறிவிக்கும்பொழுதே, அதற்கு எவ்வளவு பாதை, எவ்வளவு இருப்பு என்றும் அறிவிப்பதே முறையான திட்டமாகும்.

பழைய காற்றாலைகளைப் பற்றியும் ஒரு சொல். 1990-களில் நிறுவப்பட்ட யந்திரங்கள் பல 225, 250 கிலோவாட் போன்ற சிறு திறனுள்ளவை. காற்று மிகச் சிறந்த இடங்களை அவையே பிடித்துக்கொண்டுள்ளன. இன்று வரும் யந்திரம் ஒன்று அவற்றில் பத்துக்கு ஈடான திறனுள்ளது. பழையவற்றை அகற்றிப் புதியவற்றை அமைப்பதற்கான கொள்கையை மாநில அரசாங்கம் 2024-இல் வெளியிட்டது. புது நிலம் தேடுவதற்கு முன் இதைச் செய்வது உழவர் நிலத்தையும் காக்கும்.

விலையும் ஒப்பந்தமும்

சூரிய மின்சாரத்தின் விலை வரலாறு கூட்டுறவாளர் அறியத்தக்கது. 2010-இல் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் அதற்குக் குறித்த விலை யூனிட்டுக்கு ரூ. 17.91. 2017-இல் ராஜஸ்தானத்தின் பட்லாவில் போட்டி ஏலத்தில் வந்த விலை ரூ. 2.44. ஏழு ஆண்டுகளில் இவ்வளவு வீழ்ச்சி வேறெந்தப் பண்டத்திலும் காண்பதரிது.

நமது மாநிலத்திலேயே 2014-இல் குறித்த ரூ. 7.01 என்ற விலைக்கு, 25 ஆண்டு ஒப்பந்தங்கள் பெருமளவில் செய்யப்பட்டன. 2017-இல் ஏலம் விட்டபொழுது ரூ. 3.47-க்கே மின்சாரம் கிடைத்தது. முதல் ஒப்பந்தங்களின் விலையை இன்றும் மாநிலம் கொடுத்து வருகிறது. இதனால் முன்னரே தொடங்கியது பிழை என்று நாம் கூறவில்லை. யாரேனும் தொடங்காவிடில் விலை இறங்கியிராது. ஆனால் விலை இறங்குமுகமாயிருக்கையில் பெரும் அளவை ஒரே ஆண்டில் நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிக்கொள்வது விவேகமன்று. நூல் விலை இறங்கும் பருவத்தில் ஆண்டு முழுமைக்கும் நூல் வாங்கிக் குவிக்கும் சங்கக் காரியதரிசியை நாம் மெச்சுவதில்லை. ஆண்டுதோறும் ஒரு பகுதி என்று படிப்படியாக ஏலம் விடுதலே நலம்.

மற்றொரு உண்மையையும் மறைத்தல் தகாது. நமது மாநிலத்தின் மின் விநியோக நிறுவனம் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நஷ்டத்தைச் சுமந்து வருகிறது. உழவர் அனைவருக்கும் பம்புகளுக்கு இலவச மின்சாரம் 1990 முதல் வழங்கப்படுகிறது. 2023 முதல் இரு மாதங்களுக்குக் கைத்தறியாளருக்கு 300 யூனிட்டும், விசைத்தறியாளருக்கு 1,000 யூனிட்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இச்சலுகைகள் நியாயமானவை என்பதே நமது கொள்கை. ஆனால், இலவசம் என்பது யாரோ ஒருவர் விலை கொடுப்பதே. கொடுப்பவரது பை வற்றினால் சலுகை நிலைக்காது. பம்பு செட்டுகளுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பகல் வேளையில், கிணற்றுக்கு அருகிலேயே, மலிவாக உற்பத்தி செய்ய முடியுமானால் அரசாங்கத்தின் சுமை குறையும், சலுகையும் உறுதிப்படும். மராட்டியத்தில் 2017 முதல் விவசாய மின்பாதைகளுக்கு அருகே சூரிய நிலையங்கள் அமைத்துப் பகலில் பம்புகளுக்கு மின்சாரம் தரும் திட்டம் நடைபெறுகிறது. நள்ளிரவில் விளக்கும் கையுமாக மடை திறக்கச் செல்வதிலிருந்து உழவர் விடுபடுவது சிறிய நன்மையன்று.

கூட்டுறவு வழி உண்டா?

இனி, நமக்கு மிகவும் முக்கியமான கேள்விக்கு வருவோம். இம்மாற்றத்தில் நாம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்குபவர்களாகவும், பின்னர் அதே மின்சாரத்தை விலைக்கு வாங்குபவர்களாகவும் மட்டும் நிற்பதா? அல்லது உற்பத்தியிலும் பங்கு கொள்வதா?

பங்கு கொள்ள முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. நெசவாளர் மிகுந்த சிரிசில்லா நகரில், இன்றைய தெலங்கானாவில், 1970-இல் ஒரு கூட்டுறவு மின் விநியோகச் சங்கம் தொடங்கப்பட்டது. மின்சாரத்தை மொத்தமாக வாங்கிக் கிராமங்களுக்கும் விசைத்தறிகளுக்கும் பம்புகளுக்கும் விநியோகிப்பது அதன் பணி. கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் இத்தகைய சங்கம் உண்டு.

நமது மாநிலத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை ரூ. 1.55 கோடி. அதில் ரூ. 1.15 கோடி வங்கிக் கடன். மீதி ஊராட்சியின் சேமிப்பு. தெருவிளக்குக்கும் குடிநீர்ப் பம்புக்கும் வேண்டிய மின்சாரம் போக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று, அவ்வருவாயிலிருந்து கடனை அடைத்தது. ஒரு கிராம ஊராட்சி செய்ததை, பல நூறு அங்கத்தினர் கொண்ட சங்கம் செய்ய இயலாது என்று சொல்வது எங்ஙனம்?

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்னும் கிராமத்தில் ஆறு உழவர்கள் 2016-இல் கூடிச் சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தத்தம் பம்புக்குப் பலகைகள் பொருத்தி, பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தைச் சங்கத்தின் மூலம் விநியோக நிறுவனத்துக்கு யூனிட்டுக்கு ரூ. 4.63 வீதம் 25 ஆண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். அச்சங்கத்தின் சிறப்பு வருவாயில் மட்டும் இல்லை. மின்சாரம் விற்பனைப் பொருளானபின், வேண்டாத நீரை இறைப்பது கையிலுள்ள காசை இழப்பதாகிறது. சூரியப் பம்பு தனியே நின்றால் இறைப்பதற்குச் செலவே இல்லை. எனவே கிணறு வற்றும்வரை இறைக்கும் ஆசை உண்டாகும். கோயம்புத்தூர், சேலம் பகுதிகளில் நிலத்தடி நீர் ஏற்கெனவே எவ்வளவு கீழே போய்விட்டது என்பதை நாம் அறிவோம். எனவே விற்கும் வழியில்லாமல் சூரியப் பம்புகளை மட்டும் பெருக்குவது, ஒரு கையால் விளக்கேற்றி மறு கையால் கிணற்றைத் தூர்ப்பதாக முடியும்.

2019-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய குசும் திட்டத்தின் முதற்பகுதி, துணை மின்நிலையங்களுக்கு அருகில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள சூரிய நிலையங்களை உழவர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் அமைக்க இடமளித்தது. சட்டம் நமக்குக் கதவைத் திறந்துள்ளது என்பதே இதன் பொருள். ஆனால் அப்பகுதி நாடெங்கும் எதிர்பார்த்த வேகத்தில் நடைபெறவில்லை. விற்பனை விலை குறைவு; வங்கிகள் கடன் தரத் தயங்கின; உழவர்களுக்கு விவரம் எட்டவில்லை. இக்குறைகளை நீக்குமாறு கேட்க வேண்டியவர்கள் நாமே.

எழும் ஆட்சேபங்கள்

இவ்வழிக்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. பாலைநிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அமையும் பெரிய நிலையம் தரும் விலைக்கு, இரண்டு மெகாவாட் நிலையம் மின்சாரம் தர முடியாது என்பர். உண்மையே. ஆனால் நெடுந்தூரப் பாதைக்கு ஆகும் செலவையும், வழியில் கழியும் மின்சாரத்தையும் அதோடு கூட்டிப் பார்க்க வேண்டும். பாதையின் கடைக்கோடியிலுள்ள பம்புகளும் தறிகளும் தாழ்ந்த மின்னழுத்தத்தால் மோட்டார் எரிந்து படும் துன்பம், அருகே ஒரு சிறு நிலையம் இருந்தால் குறையும். பெரியவை வேண்டாம் என்பது நமது வாதமன்று. பெரியவை மாநிலத்துக்கு, சிறியவை ஊருக்கு. இரண்டுக்கும் திட்டத்தில் இடம் வேண்டும்.

சங்கங்களுக்கு மூலதனமும் தொழில்நுட்பமும் ஏது என்பது மற்றொரு ஆட்சேபம். நாட்டில் தொடங்கப்பட்ட கிராம மின் கூட்டுறவுச் சங்கங்கள் பல நிலைக்கவில்லை என்பதும் உண்மை. கணக்கில் ஒழுங்கின்மையும், பாக்கி வசூலில் தளர்ச்சியும், அரசியல் தலையீடும் அவற்றைச் சாய்த்தன. ஆனால் இவை கூட்டுறவின் எல்லாத் துறைகளிலும் நாம் எதிர்த்துப் போராடி வரும் நோய்களே. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியபொழுதும், ஏழை நெசவாளர் சேர்ந்து நாடெங்கும் துணி விற்க முடியுமா என்ற ஐயம் எழாமலிராது. தணிக்கை ஒழுங்காக நடந்து, அங்கத்தினர் கேள்வி கேட்கும் சங்கமே நிலைக்கும். மின்சாரத்துக்கும் விதி வேறன்று.

மூன்றாவது ஆட்சேபம் நிலம் பற்றியது. ஒரு மெகாவாட் சூரிய நிலையத்துக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் வேண்டும். விளைநிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் இதற்கு இழப்பதை நாம் விரும்பவில்லை. முதலில் கூரைகள், அடுத்து சங்கக் கிடங்குகள், அதன்பின் பயிரேறாத் தரிசுகள் என்பதே வரிசையாக இருத்தல் வேண்டும். ஒரு விசைத்தறிக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். தறிக்கு ஒரு குதிரைசக்தி மோட்டார் என்று வைத்தால், எட்டுத் தறிகளுக்கு ஏறக்குறைய 6 கிலோவாட். பத்து மணி நேரம் ஓடினால் 60 யூனிட். இதைத் தர 15 கிலோவாட் பலகை போதும். அதற்கு 1,500 சதுர அடி நிழலில்லாக் கூரை வேண்டும். இரவுத் தறிக்கு மின்தொடர் துணை தேவையே. ஆயினும் பகல் தேவையின் பெரும்பகுதியைக் கூரையே தந்துவிடும். சாயப் பட்டறைகளில் நீர் சுட வைக்க விறகுக்குத் துணையாகச் சூரிய வெந்நீர்க் கலங்களை அமைப்பதும் ஆராயத்தக்கது.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

மத்திய திட்டக் கமிஷன் 2014-உடன் முடிவுற்றது. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 2017-இல் நிறைவெய்தியபின் அவ்வகைத் திட்டம் வரவில்லை. ஆனால் மின்சாரத்துக்கு மட்டும், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மத்திய மின்சார ஆணையம் ஐந்தாண்டுக்கொருமுறை தேசிய மின் திட்டம் வகுத்து வருகிறது. 2023-இல் வெளிவந்த திட்டம் 2032 வரையுள்ள தேவையைக் கணக்கிடுகிறது. மாநிலத்தில் 2024-இல் பசுமை மின்சாரத்துக்கெனத் தனி நிறுவனம் பிரிக்கப்பட்டது. கட்டண மாற்றம் வரும்பொழுதெல்லாம் மாநில ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. அங்கே எழுத்து மூலம் கருத்துக் கூற எச்சங்கத்துக்கும் உரிமையுண்டு. இவ்வுரிமையை நாம் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே, வரும் மகாசபையில் ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, அங்கத்தினரின் மின் தேவையைக் கணக்கெடுத்தல். எத்தனை தறி, எத்தனை பம்பு, எந்த வேளையில் ஓட்டம், எந்த மாதத்தில் மிகுதி என்ற பட்டியல் சங்கத்தில் இருக்க வேண்டும். கணக்கில்லாதவர் கோரிக்கைக்கு மதிப்பில்லை.

இரண்டாவது, சங்கக் கட்டடம், கிடங்கு, பொதுத் தறிக்கூடம் ஆகியவற்றின் கூரைப் பரப்பை அளந்து வைத்தல். அருகிலுள்ள துணை மின்நிலையத்தில் புதிய உற்பத்தியை ஏற்க இடமுண்டா என்று எழுதிக் கேட்டல்.

மூன்றாவது, நிலக் குத்தகை. காற்றாலைக்கோ சூரிய நிலையத்துக்கோ நிலம் கேட்டு வருவோரிடம் அங்கத்தினர் தனித்தனியே கையெழுத்திடாமல் சங்கத்தின் மூலம் பேசுதல். குத்தகைக் காலம், வாடகை உயர்வு, பாதை உரிமை, ஓடை நீர் போக்கு, காலம் முடிந்தபின் யந்திரத்தை அகற்றும் பொறுப்பு ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். 25 ஆண்டு என்பது ஒரு தலைமுறை.

நான்காவது, லாபத்தில் ஒரு சிறு பகுதியை மின் நிதி என்று தனியே ஒதுக்கி வளர்த்தல். ஒரு சங்கத்தால் இயலாததை வட்டாரத்துச் சங்கங்கள் ஐந்தாறு சேர்ந்து செய்யலாம்.

ஐந்தாவது, நம் ஊர் இளைஞருக்குப் பலகை, மாற்றி, மோட்டார் ஆகியவற்றைப் பழுது பார்க்கும் பயிற்சி. பழுதுபார்ப்பார் இன்றி நின்றுபோன யந்திரம் கூரைக்குப் பாரமே.

அரசாங்கத்திடம் நாம் கேட்பனவும் மிகையல்ல. உற்பத்தி அறிவிப்போடு பாதைக்கும் இருப்புக்கும் உரிய அட்டவணையை வெளியிடுக. சிறு நிலையங்களின் மின்சாரத்துக்கு, கடனை அடைத்து நிற்கத்தக்க விலையைக் குறித்து, அப்பணத்தைத் தவணை தவறாது தருக. கூட்டுறவு வங்கிகள் இதற்குக் கடன் தர வழி செய்க. கிராமத்து மின் உற்பத்தியில் ஒரு பங்கைச் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் ஒதுக்குக.

பைக்காராவில் 1932-இல் பிறந்த மின்சாரம் கொங்கு நாட்டின் வாழ்வை மாற்றியது. அதை வாங்கிப் பயன்படுத்தும் வாய்ப்பே அன்று நெசவாளருக்கும் உழவருக்கும் இருந்தது. காற்றும் வெயிலும் அளிக்கும் வாய்ப்பு அதனினும் பெரிது. ஒரு கூரையும், ஒரு துண்டு நிலமும், ஒரு சங்கமும் உடையவர் இன்று உற்பத்தியாளராகவும் ஆகலாம். அவ்வாய்ப்பை எடுத்துக்கொள்வோர் எடுத்துக்கொள்ளும் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நல்ல காற்றுள்ள இடங்களும், துணை மின்நிலையங்களில் காலியுள்ள இடங்களும் ஆண்டுக்காண்டு நிரம்பி வருகின்றன. சங்கங்கள் தம் கணக்குப் புத்தகத்தை இவ்வாண்டே திறப்பது நன்று.